புகார் கொடுத்தவள் படிப்பை முடித்தாளா?

கல்லூரியில் சேரும் நாளில் பிள்ளைகள் கையில் ஒரு சின்னக் கையேடு கொடுப்பார்கள். மாணவர் ஒழுக்க விதிகள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து படிக்கப் போகும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி அப்படிப் பல கையேடுகளைப் படித்திருக்கிறேன். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும், முடியைப் பின்னியிருக்க வேண்டும், பையன்கள் சட்டையை உள்ளே விட்டிருக்க வேண்டும், கையில் கயிறு கட்டக் கூடாது, செல்போன் கண்ணில் பட்டால் இத்தனை ரூபாய் அபராதம். இதெல்லாம் வரி வரியாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருக்கும். பிறகு எங்கோ ஒரு மூலையில், 'மாணவியரிடம் தகாத முறையில் நடந்துகொள்வோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரே ஒரு வரி. எது தகாத முறை, யாரிடம் போய்ச் சொல்வது, யார் விசாரிப்பார்கள், எத்தனை நாளில் முடிப்பார்கள், அது முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளை அதே வகுப்பில் அதே பையனுக்கு முன்னால் எப்படி உட்காருவாள்? ஒன்றுக்கும் அதில் பதில் இருக்காது.

பதில்கள் எழுதப்படாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் என்று ஒன்றைத் தயாரித்து, 2016 மே 2-ஆம் தேதி அரசிதழில் வெளியிட்டது. உயர்கல்வி நிறுவனங்களில் பெண் ஊழியர், மாணவியர் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கவும் விசாரிக்கவும் அதில் வழி சொல்லியிருக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதை ஐ.சி.சி. என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு குழுவில் வெளி உறுப்பினராக நான் உட்காருகிறேன். மகளிர் குழுக்களோடு இந்தக் கரையில் நெடுநாள் வேலை செய்தவள் என்பதால் கூப்பிட்டார்கள். கீழே நான் சொல்லும் நிகழ்ச்சியில் ஆள், ஊர், பாடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

ஒரு கல்லூரியில் இந்த விதிகள் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொள்ள, எத்தனை பையன்களை வெளியே அனுப்பினார்கள் என்று நான் கேட்பதில்லை. புகார் கொடுத்த பிள்ளை படிப்பை முடித்தாளா என்று கேட்பேன். இந்தக் கரையில் அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது.

ஏன் என்று சொல்கிறேன். பாம்பன், சின்னப்பாலம், தங்கச்சிமடம், வேதாளை, பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், முள்ளிமுனை, தொண்டி என்று இந்தக் கரை நெடுக, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பறித்து வருவார். துணி சுற்றியும் விரல் கிழியும். இல்லையென்றால் கருவாடு காயப்போடுவார், எறால் ஷெட்டில் தலை கிள்ளுவார். அப்பா படகில் கூலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போதுதான் கல்லூரிச் சேர்க்கை வரும், ஃபீஸ் கட்டும் நாள் வரும். வட்டிக்கு வாங்கித்தான் கட்டுவார்கள். 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து எத்தனையோ வீட்டில் 'சரி, போயிட்டு வா' என்று சொல்ல வைத்திருக்கின்றன.

அந்தச் 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு சின்னக் காரணம் போதும். 2022 மே மாதம் ராமேசுவரம் வடகாட்டில் பாசி எடுக்கப் போன ஒரு பெண் கொடூரமாகக் கொல்லப்பட்டார். சனங்கள் நியாயம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அதே சனங்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மகள்களை டைப்ரைட்டிங் வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள், சாயங்காலக் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைக் காப்பாற்ற அவர்கள் கையில் இருந்த ஒரே வழி அதுதான். ஆனால் அது பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்லிக் கொடுக்கிறது என்றால், உனக்கு ஏதாவது நடந்து அதை நீ வாயைத் திறந்து சொன்னால், முதலில் பறிபோவது உன் படிப்பு என்று.

எங்களிடம் வந்த ஒரு புகார் அப்படித்தான் தொடங்கியது. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாள், ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. கோடு போட்ட பக்கத்தில் முதல் வரியே இதுதான்: 'மேடம், நான் படிப்பை நிறுத்த மாட்டேன். எங்கள் வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்.' அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, அதற்குப் பிறகுதான் நடந்தது. ஒரு சீனியர் பையன் பஸ் ஸ்டாண்டிலிருந்தே பின்னால் வருகிறான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவளைப் போட்டோ எடுத்து, தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். லேப் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, அவள் உள்ளே போகும்போதும் வரும்போதும் அவள் பேரைச் சொல்லிச் சிரிப்பான். ஒருநாள் வராந்தாவில் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறியிருக்கிறது. அந்த வளையல் துண்டைக்கூட ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள்.

எழுதாமல் விட்டதையும் பிறகு சொன்னாள். பையனின் அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. இவள் அப்பா அந்தப் படகில்தான் கடலுக்குப் போகிறார்.

விதிமுறை என்ன சொல்கிறதோ அதை வரிசைப்படி செய்ய வேண்டும் என்று தலைவராக இருந்த பேராசிரியை உறுதியாக நின்றார். குழுத் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். கல்லூரி என்றால் இணைப் பேராசிரியர் நிலைக்குக் குறையக் கூடாது. ஆசிரியர் இருவர், அலுவலர் இருவர், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேர், அவர்களும் தேர்தல் வைத்து வந்தவர்களாக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற பெரிய பதவியில் இருப்பவர்கள் குழுவில் இருக்கவே கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவர்களுக்கு நம் கல்லூரிகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறதோ, அவர் எதிரில் உட்கார்ந்து எந்தப் பிள்ளையும் முழுதாகப் பேச மாட்டாள்.

புகார் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்தது என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதம். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். எழுத முடியாதவர்களுக்குக் குழு உறுப்பினரே எழுத உதவ வேண்டும். புகாரின் நகல் ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் பத்து நாளில் பதில் தரலாம், சாட்சிகளைச் சொல்லலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். பத்து நாளில் அறிக்கை. நிர்வாகம் 30 நாளில் அதன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவு சரியில்லை என்று நினைக்கிறவர் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இடைக்கால நிவாரணம் என்ற பகுதி. எங்கே போய்ப் பேசினாலும் அதைப் பற்றி யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. விசாரணை நடக்கும்போதே, புகார் கொடுத்தவள் கேட்டால், அவளையோ எதிர்த்தரப்பையோ வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாம். மூன்று மாதம் வரைக்கும் விடுப்புக் கொடுக்கலாம், அதனால் அவள் படிப்புக்கோ உரிமைக்கோ பாதகம் வரக் கூடாது. எதிர்த்தரப்பு ஆசிரியர் என்றால் அவள் பரீட்சைத் தாளைத் திருத்துவதிலிருந்தும் மார்க் போடுவதிலிருந்தும் அவரை விலக்கலாம். விலகி நில் என்று எதிர்த்தரப்புக்கு உத்தரவு போடலாம். பழிவாங்கினால் அதற்குத் தனியாக நடவடிக்கை உண்டு. அதாவது தீர்ப்பு வருகிற வரைக்கும் அவள் படிப்பு அறுந்து போகாமல் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு அதில் இருக்கிறது. பல குழுக்கள் விசாரணையை நன்றாகத்தான் நடத்துகின்றன. இந்தக் கயிற்றைப் போட மறந்துவிடுகின்றன. மூன்றாவது வாரத்திலேயே பிள்ளை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிடுகிறாள். அட்டெண்டன்ஸ் போகிறது. விசாரணை முடிந்து அறிக்கை வரும்போது வாங்கிக்கொள்ள அவள் கல்லூரியில் இல்லை.

எங்கள் குழு முதல் கூட்டத்திலேயே பையனின் பிராக்டிகல் பேட்சை மாற்றியது. அவள் இருக்கும் கட்டடத்துக்கு அவன் வரக் கூடாது, கல்லூரிப் பஸ்ஸில் ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. மாற வேண்டியவள் அவள் இல்லை என்பதில் மாணவர் பிரதிநிதிகளாக வந்த பிள்ளைகள்தான் எங்களை விடப் பிடிவாதமாக இருந்தார்கள்.

அவன் கொடுத்த பதில் நாலே வரி. 'அவள் எனக்கு ஒன்றுவிட்ட அத்தை மகள். முறைதான். ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் தவறாக எதுவும் செய்யவில்லை.' இந்தக் கரையில் இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. முறைப்பையன் கிண்டல் செய்தால் வீட்டில் பெரியவர்களே சேர்ந்து சிரிப்பார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தால், 'உன் மாமன்தானடி' என்பார்கள். பேராசிரியை அவனை அதட்டவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "முறையா இருக்கலாம் தம்பி. அது உங்க ரெண்டு வீட்டுக்கும் உள்ள விஷயம். வேண்டாம்னு அவ சொன்ன பெறகும் நீ பின்னால போயிருக்க, போட்டோ எடுத்திருக்க, கையப் பிடிச்சிருக்க. அதத்தான் இங்க விசாரிக்கிறோம்." அவன் அதற்கு முன்னால் அப்படி யாரும் தன்னிடம் சொல்லிக் கேட்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

அவனுக்கு ஒரு செமஸ்டர் கல்லூரிக்குள் வரத் தடை, கட்டாய உளவியல் ஆலோசனை என்று குழு பரிந்துரைத்தது. விதிமுறையில் நூலகம், விடுதி, பேருந்து, உதவித்தொகை போன்றவற்றை நிறுத்திவைப்பதிலிருந்து பேரை அடித்து வெளியேற்றுவது வரைக்கும் படிப்படியாகத் தண்டனைகள் உண்டு. ஆலோசனையும் சமூகப் பணியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தவைதான். அவன் அடுத்த வருஷம் வந்து பாக்கிப் படிப்பை முடித்தான். அவனும் முடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் விஷயம் படகுக்குப் போய்விட்டது. தடை உத்தரவு வீட்டுக்குப் போன பிறகு பையனின் அப்பா தன் படகில் இவள் அப்பாவை ஏற்றவில்லை. "வேற போட்டு பாத்துக்க" என்று ஒரே வார்த்தை. பழிவாங்கலுக்கு எதிரான விதி கல்லூரி கேட்டோடு நின்றுவிடுகிறது; கரையில் நடக்கிற பழிக்கு அங்கே மருந்து இல்லை. அவர் ஒரு நாட்டுப் படகில் சேர்ந்துகொண்டார், பங்கு குறைச்சல்தான். மகளை ஒரு நாளும் வகுப்பிலிருந்து நிறுத்தவில்லை. அந்த மனிதருக்கு நான் மனதார மரியாதை செய்கிறேன்.

வீட்டுக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கல்லூரிகள் இடறுவது இங்கேதான். ஒரு பெண் புகார் என்று வாயைத் திறந்ததும் ஆபீஸில் வரும் முதல் பதில், "பேரண்ட்ஸக் கூட்டிட்டு வா." 18 வயது முடிந்த பிள்ளை புகார் கொடுக்கப் பெற்றோர் வர வேண்டும் என்று அந்த விதிமுறையில் இல்லை. புகார் கொடுத்தவர், சாட்சி, எதிர்த்தரப்பு என்று எவருடைய அடையாளமும் வெளியே வரக் கூடாது என்றுதான் இருக்கிறது. கூட்டிவரச் சொன்னால் என்ன நடக்கும்? அம்மா, அப்பா, சித்தப்பா, கூட ஊர்க்காரர் இருவர் என்று ஒரு வேனில் வருவார்கள். பிரின்சிபால் அறை வாசலில் நிற்பார்கள். "பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுறோம் சார், டிசியக் குடுத்துருங்க. ஊருல தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்பார்கள். டிசி அன்றைக்கே கைக்கு வந்துவிடும். அவ்வளவு வேகமாக வேறு எந்தக் காகிதமும் அந்த ஆபீஸில் கிடைக்காது.

எங்கள் பிள்ளையிடம் கேட்டோம், யாரிடம் முதலில் சொல்லலாம் என்று. நாங்கள் எடுத்த முதல் உத்தரவு கைக்கு வந்து, படிப்பு நிற்காது என்று அவளுக்கு நம்பிக்கை வந்த பிறகு, அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். நானும் பேராசிரியையும் போனோம்.

முதலாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். அங்கே வழி வேறு. 18 வயது நிறையாதவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் வரும். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவர் மீது வழக்கு. குழு வைத்துப் பேசி முடிக்கிற விஷயம் அது இல்லை. இதைத் தெரியாத ஆசிரியர்கள் நல்ல மனதோடே தப்பான முடிவை எடுத்துவிடுகிறார்கள்.

அடையாளம் வெளியே வருவது எவ்வளவு பெரிய கேடு என்பதை அண்ணா பல்கலைக்கழக வழக்கில் தமிழ்நாடே பார்த்தது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு வளாகத்துக்குள் ஒரு மாணவி மீது வன்கொடுமை. அந்தப் பிள்ளை துணிந்து புகார் கொடுத்தாள். அவளுடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. படிப்பை முடிக்கிற வரைக்கும் அவளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2-ஆம் தேதி குற்றவாளிக்கு 30 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. அந்தத் தண்டனையைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். கட்டண உத்தரவை நான் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பாதிக்கப்பட்டவள் படித்து முடிக்க வேண்டும் என்பதும் நியாயத்தில் ஒரு பகுதி என்று அந்த நீதிமன்றம் நினைத்திருக்கிறது.

சமரசம் என்ற ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் எந்தப் பிரச்சினையும் முதலில் ஊர்க் கூட்டத்துக்கோ ஜமாத்துக்கோ பங்குச் சாமியாரிடமோ போகும். வலை அறுந்தது, கடன், வேலித் தகராறு என்றால் அந்தப் பெரியவர்கள் அழகாகத் தீர்த்து வைப்பார்கள். இதிலும் அதே மாதிரி ஒரு தொகை பேசி, காலில் விழச் சொல்லி முடிக்கப் பார்ப்பார்கள். விதிமுறைப்படி சமரசம் வேண்டும் என்று புகார் கொடுத்தவளே கேட்டால்தான் அந்தப் பேச்சு. அவளுக்காக மாமனோ தலைவரோ கேட்க முடியாது. பணம் கைமாறுவது சமரசத்துக்கு அடிப்படையாகவே கூடாது.

இந்தச் சட்டங்களில் எதுவும் சும்மா வந்துவிடவில்லை. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவிக்கு 1992-இல் நடந்த கொடுமைக்குப் பிறகு வந்தது, வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டிய 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு. அதிலிருந்து வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். 1998-இல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனத்துக்குள் புகார் வந்தால் நிறுவனப் பொறுப்பாளர் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. பஸ்ஸில் நடந்தால், பெண் சொன்னதும் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும் என்றும் இருக்கிறது. பாம்பன் பாலம் தாண்டித் தினமும் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளில் இதைத் தெரிந்தவள் ஒருத்தியைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. கல்லூரியே விடும் பஸ், களப்பயணம், என்.எஸ்.எஸ். முகாம், விளையாட்டுப் போட்டிக்குப் போகிற இடம் எல்லாம் யு.ஜி.சி. விதிமுறைப்படி வளாகம்தான்.

பையன்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முடியாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த பொன் நாவரசு சீனியர் மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரைக்கும் சிறை. தண்டனை பெற்ற மாணவன் நீக்கப்படுவான். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்படுவார். 2009-இல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மாணவர் இறந்த பிறகு யு.ஜி.சி. ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. வருஷா வருஷம் பிள்ளையும் பெற்றோரும் கொடுக்கும் உறுதிமொழி அதில் வந்ததுதான். எங்கள் ஊரில் அந்த உறுதிமொழியை இன்டர்நெட் சென்டர்க்காரர்தான் நிரப்பிக் கொடுப்பார். பிள்ளையும் படிக்காது, அப்பாவும் படிக்க மாட்டார். இந்த மாவட்டத்தில் விடுதி அடிதடிக்குச் சாதியும் ஊரும் காரணமாக இருக்கிறது. இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30 ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களில் விடுதிகளில் காற்றே மாறிவிடும். கையில் கயிறு கட்டக் கூடாது என்ற வரிக்குக் காரணம் இதுதான். பள்ளிகளில் சாதி வன்முறையைப் பற்றி ஆராய்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் கயிறு கூடாது என்றது. கையேட்டில் அந்தக் காரணத்தை எழுதினால் என்ன? எழுதாததால் கயிற்றை மட்டும் கழற்றிவிட்டு அடியைத் தொடர்கிறார்கள். அடிபட்ட பையன், "ஆம்பளப் பிள்ளை அழுதுகிட்டு வந்து நிக்கிறதா" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து வாயைத் திறப்பதில்லை. பாலியல் துன்புறுத்தலிலும் அப்படியே. பையன்களும் திருநர் மாணவர்களும் இலக்காவதுண்டு என்று யு.ஜி.சி. விதிமுறையே சொல்கிறது. அவர்களில் ஒருவர்கூட இதுவரை எங்கள் குழுவுக்கு வரவில்லை. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை.

ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பொய்ப் புகாரைப் பற்றி. நியாயமான கவலைதான். ஒரு பையனின் வாழ்க்கையும் வாழ்க்கைதானே. அதனால்தான் நகல், பதில், சாட்சி, மேல்முறையீடு எல்லாம் அவனுக்கும் இருக்கின்றன. இவற்றை அவசரத்தில் தாண்டி, கூட்டத்துக்குப் பயந்து ஒரே நாளில் டிஸ்மிஸ் செய்கிற கல்லூரி அவனுக்கும் அநியாயம் செய்கிறது, அவளுக்கும் செய்கிறது. அவன் கோர்ட்டுக்குப் போனால் அந்த உத்தரவு நிற்காது. தெரிந்தே பொய் சொன்னால் தண்டனை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது பொய் ஆகாது என்று விதிமுறை தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. யாரும் பார்க்காத வராந்தாவில் நடந்ததற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்?

போட்டோ, போலி இன்ஸ்டாகிராம் கணக்கு, மார்ஃபிங் என்று வரும்போது பிள்ளைகள் முதலில் செய்வது பயத்தில் எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரியட்டும், லிங்க்கைக் குறித்து வையுங்கள். 1930 சைபர் குற்றத்துக்கான எண். பின்தொடர்வது இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம்; இணையத்தில் தொடர்ந்து கண்காணிப்பதும் அதில் அடங்கும்.

அந்தப் பிள்ளையின் அம்மா அன்றைக்கு எங்களிடம் கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. மகள் கதையை முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் எறால் தலை கிள்ளிச் சிவந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏக்கா, எங்க ஷெட்டுல அந்த ஆளு பண்ணுறதுக்கும் இப்படி ஒரு பேப்பர் எழுதலாமா?" என்றார். எழுதலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் அங்கேயே குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவு என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கல்லூரியில் ஒரு விதி சரியாக நடந்ததால், எறால் ஷெட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தன் உரிமை தெரிந்தது. இதற்காகவே இந்தக் குழுக்கள் சரியாக நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் அம்மா, அப்பா, அண்ணன்மாருக்குச் சொல்கிறேன். ஆபீஸில் ஃபீஸ் கட்டிய ரசீதை வாங்கும்போதே, உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், போன் நம்பர் என்ன, எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டியது கல்லூரியின் கடமை. மாணவர் உறுப்பினருக்குத் தேர்தல் எப்போது என்று கேளுங்கள். போன வருஷம் புகார் கொடுத்தவர்கள் படிப்பைத் தொடர்கிறார்களா என்று கேளுங்கள். பேர் வேண்டாம், ஆம் இல்லை போதும். ராகிங் என்றால் 1800-180-5522 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குழுவே வைக்காத கல்லூரியின் மானியத்தை நிறுத்தும் அதிகாரம் யு.ஜி.சி.க்கு உண்டு, அதனால் அவர்களுக்கும் எழுதலாம். எழுத வராதவர்கள் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.